2003 ஜிப்சியில் காலையில் இரண்டாவது கியர் விழ மறுக்கிறது. கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வியில் இருக்கும் விவரம்: ராணுவ ஏலத்தில் எடுத்த 2003 ஜிப்சி கிங், இப்போது இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். மாதம் ஒருமுறை ஜவ்வாது மலைப் பக்கம் போகும், ஓடைகளில் இறங்கும். காலையில் இரண்டாவது கியர் அடம் பிடிக்கிறது, ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் சரியாகிவிடுகிறது. எந்த ஆயில், எவ்வளவு, தானே மாற்ற முடியுமா?

முடியும். ஜிப்சிக்கு ஜாக்கிகூட வேண்டாம், ஆள் படுத்து அடியில் நுழைகிற உயரம் இருக்கிறது. ஆனால் ஆயில் வாங்கக் கிளம்புமுன் கிளட்சைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது கிளட்சை முழுதாக மிதித்து, மூன்று நொடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கோக்க வேண்டிய இரண்டு பக்கத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு) கிடையாது. அதனால் கிளட்ச் சரியாக விடவில்லை என்றால் 'கர்ர்ர்' என்று அரைத்துக் காட்டிக் கொடுத்துவிடும். எல்லா கியரும் இறுகுகிறது, இன்ஜினை அணைத்தால் மட்டும் வழுக்கிக்கொண்டு விழுகிறது என்றாலும் இதே கதைதான். ஜிப்சிக்கு கேபிள் கிளட்ச். கேபிளைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும் பிரச்சினைக்கு கியர்பாக்ஸைக் குறை சொல்லக் கூடாது.

உங்களுக்கு இரண்டாவது கியர் மட்டும், அதுவும் குளிர்ந்திருக்கும்போது மட்டும் என்பதால் ஆயில் மேல்தான் சந்தேகம் போகிறது. கியர் மாறும்போது சின்க்ரோ ரிங் கியரின் கூம்பு (கோன்) மேல் உட்கார்ந்து, நடுவில் உள்ள எண்ணெய்ப் படலத்தை வழித்துவிட்டுப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வந்து பல் கோக்கும். எண்ணெய் கெட்டியாக இருந்தால் வழிக்க நேரமாகும், சூடேறியதும் இளகிவிடும். ஏலத்தில் வந்த வண்டிகளில் சத்தத்தை அமுக்குவதற்காக 140 என்கிற மிகக் கெட்டியான ஆயிலை ஊற்றிவிடுவது சகஜம். சத்தம் குறையும், காலையில் கியர் விழாது. இன்னும் மோசமாக, ஆயிலோடு மரத்தூளைக் கலந்து விற்கிற வித்தையும் உண்டு. வடியும்போது கஞ்சி மாதிரி வந்தால் அதுதான்.

எந்த ஆயில்? வேலூரில் எந்தக் கடையில் போய் "கியர் ஆயில் குடுங்க" என்றாலும் "90-ஆ, 140-ஆ?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்த எண் பாதி விஷயம்தான். அது கெட்டியை மட்டும் சொல்லும்; டின்னைத் திருப்பி ஜிஎல்-4 என்ற தரவகை அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் (சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) ஜிஎல்-4, முன் பின் கிரவுன் (அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல்) இரண்டுக்கும் ஜிஎல்-5. கிரவுன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே சுற்றுவதால் அங்கே கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் கூடுதலாகக் கலந்த எண்ணெய் வேண்டும். அதே எண்ணெய் கியர்பாக்ஸில் இருந்தால் இரண்டு கெடுதல். பித்தளை சின்க்ரோ ரிங்கை மெல்ல அரிக்கும். அதைவிட முக்கியம், உராய்ந்து பிடிக்க வேண்டிய இடத்தை வழுக்க வைக்கும். "ஜிஎல்-5 உசத்தி சார், எதுக்கு வேணா போடலாம்" என்று சொன்னால் கேட்டுக்கொண்டு ஜிஎல்-4 வாங்கி வாருங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு 80டபிள்யூ-90 தாராளம். மார்கழியில் மலைமேல் இரவு தங்குகிறவர்கள் 75டபிள்யூ-90 போட்டால் விடியற்காலை கியர் இன்னும் லேசாக விழும், விலைதான் கூட. ஆனால் பழைய சீல் உள்ள வண்டியில் மெல்லிய எண்ணெய் ஊற்றினால் இதுவரை தெரியாத கசிவு வெளியே வரும். இன்னொன்று, கியர் ஆயில் 90 என்பதைப் பார்த்து இன்ஜின் ஆயில் 40-ஐப் போல இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவுகோல். சூட்டில் பார்த்தால் கியர் ஆயில் 90-ம் இன்ஜின் ஆயில் 40, 50-ம் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான்.

அளவு: ஐந்து கியர் பெட்டிக்கு 1.3 லிட்டர், டிரான்ஸ்பர் கேஸுக்கு 0.8 லிட்டர். ஆக 2.1. சிந்துவதற்கும் சேர்த்து இரண்டரை லிட்டர் வாங்குங்கள். கிரவுனையும் சேர்த்துச் செய்தால் முன்னால் 2 லிட்டர், பின்னால் 1.5 லிட்டர்.

இந்த 0.8 லிட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் மறப்பது இதைத்தான். ஜிப்சியில் கியர்பாக்ஸ் தனி, டிரான்ஸ்பர் கேஸ் தனி, நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட். எண்ணெய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகாது. ஃபோர் வீல் போடவே இல்லை, அதற்கு எதற்கு ஆயில் என்று கேட்பார்கள். இந்த டிரான்ஸ்பர் கேஸில் ஹை ரேஞ்சில்கூட (சாதாரண சாலை ஓட்டத்துக்கான நிலை) நேரடி ஓட்டம் கிடையாது, டூ வீலில் போனாலும் பல்சக்கரங்கள் வழியாகத்தான் சுற்ற வேண்டும். வண்டி நகரும் ஒவ்வொரு மீட்டருக்கும் உழைக்கிற பெட்டியில் ஒரு லிட்டர்கூட எண்ணெய் இல்லை. கால் லிட்டர் கசிந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். (வில்லிஸ் வழி வந்த பழைய மகேந்திரா ஜீப்புகளில் இரண்டு பெட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ணெய் உள்ளுக்குள் இடம் மாறும். அங்கே இரண்டின் மட்டத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.)

இனி வேலை. காட்பாடி வரை போய்த் திரும்பி வாருங்கள், எண்ணெய் இளகி அடியில் படிந்த கசடும் கலங்கி மேலே வரும். சமதளத்தில் நிறுத்தி, கால் மணி நேரம் விடுங்கள். சைலன்சர் குழாய் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கருங்கல் கொடுங்கள். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். குறிப்பாக, பழைய ஜீப்புகளில் இருப்பதுபோல ஹேண்ட்பிரேக் டிரம் டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் இருந்தால், ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய நிமிடமே பிரேக் இல்லாத வண்டியாகிவிடும். தூக்கிய சக்கரம் சுற்றிக்கொள்ளும், வண்டி உருளும்.

முதலில் கழற்ற வேண்டியது மேலே பக்கவாட்டில் உள்ள ஃபில்லர் பிளக், அதாவது ஆயில் ஊற்றும் துளையின் மூடி. ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கை அல்ல. இருபது வருடம் இறுகிய ஃபில்லர் வர மறுத்தால், உள்ளே எண்ணெயாவது மிச்சமிருக்கும், மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போகலாம். டிரெயினைத் திறந்து எல்லாம் வடித்த பிறகு ஃபில்லரின் தலை மழுங்கினால் வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை கம்பி பிரஷ்ஷால் சுரண்டித் துடைத்து, முந்தின இரவே துரு இளக்கி அடித்து, அளவு சரியாகப் பொருந்தும் ஸ்பேனரைத்தான் போட வேண்டும். தலைக்கும் ஸ்பேனருக்கும் இடையே நூலளவு ஆட்டம் இருந்தாலும் விளிம்பு போய்விடும்.

ஃபில்லர் திறந்தபின் டிரெயின். அடியில் அளவுக் கோடு போட்ட வாளி வையுங்கள். எவ்வளவு வடிந்தது என்பதே ஒரு தகவல். 1.3 வர வேண்டிய இடத்தில் 900 மில்லி வந்தால் எங்கோ கசிகிறது.

வடிந்ததை அவசரப்பட்டு அப்புறப்படுத்தாதீர்கள். வெயிலில் வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பயமில்லை, பழசு, அவ்வளவுதான். பிளக் நுனிக் காந்தத்தில் மை மாதிரி சாம்பல் பசை ஒட்டியிருப்பதும் இயல்பு. (காந்தம் இல்லாத பிளக் என்றால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வாளியில் விட்டு அலசுங்கள்.) பசைக்குள் நகத்தில் நெருடும் துணுக்கு இருந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் எண்ணெயில் தங்கத்தூள் மாதிரி மின்னினால் அது சின்க்ரோ ரிங்கின் பித்தளை. கொஞ்சம் மின்னுவது வயசுக்கு உரியது, ஜரிகை மாதிரி மின்னினால் ரிங் தேய்ந்துவிட்டது.

பால் விட்ட காபி நிறம் என்றால் தண்ணீர். ஓடையில் இறங்குகிற வண்டிக்கு இது வரத்தான் செய்யும். மலையேறிச் சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்த நீரில் அமிழ்ந்தால் உள்ளே காற்று சுருங்கும், சீல் வழியாகவும் பிரீதர் (பெட்டி மூச்சுவிடும் காற்றுத் துளை) வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். நிறத்தில் சந்தேகம் இருந்தால் ஒரு பழைய கரண்டியைச் சூடாக்கி ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று வெடிக்கும். அப்படியென்றால் ஒருமுறை மாற்றினால் போதாது. மலிவான ஜிஎல்-4 ஊற்றி இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டி வடித்து, பிறகு நல்ல ஆயில் ஊற்றுங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ விட்டு அலசுவது சில ஒர்க்‌ஷாப்களில் வழக்கம். அதில் ஒரு பகுதி பேரிங் இடுக்கில் தங்கி, புது எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும்.

பிரீதரையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சேறு அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயை சீல் வழியாகத் தள்ளும். சீல் மாற்றி மாற்றி அலுத்துப்போன பல வண்டிகளில் குற்றவாளி இந்த அடைப்புதான். ஓடையில் இறங்குகிறவர்கள் பிரீதரில் ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறை உயரத்துக்கு ஏற்றிக்கொள்வது நல்லது.

டிரெயின் பிளக்கை மூடும்போது, வாஷர் இருந்தால் புது வாஷர். வாஷர் இல்லாத சரிவு மரை (நுனி நோக்கி ஒடுங்கும் மரை) என்றால் டெஃப்லான் டேப் மூன்று சுற்று. உடும்புப் பிடியாக இறுக்க வேண்டாம். சரிவு மரை ஆப்பு மாதிரி இறங்கி அலுமினிய உடம்பைப் பிளந்துவிடும்.

ஊற்றுவதுதான் எரிச்சலான பகுதி, துளை பக்கவாட்டில் இருப்பதால் டின்னைக் கவிழ்க்க இடமில்லை. ஹேண்ட் பம்பு இல்லையென்றால் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் ஒன்றரை மீட்டர் வாங்கி, ஒரு முனையை ஃபில்லர் துளையிலும் மறுமுனையைப் புனலோடு இன்ஜின் அறையிலும் வையுங்கள். மெல்ல இறங்கும், பொறுமை வேண்டும். துளை விளிம்பில் வழியத் தொடங்கினால் நிறுத்தி, சொட்டு நின்றதும் மூடுங்கள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இந்த மட்டம் பொய் சொல்லும். அடுத்து டிரான்ஸ்பர் கேஸ், அதே முறை. பழைய எண்ணெயைக் கேனில் அடைத்து, கழிவு ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். பாலாறு ஏற்கெனவே படும் பாடு போதும்.

ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நாலு பிளக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பிறகு ஏலகிரி ஏறுங்கள். 14 கொண்டை ஊசி வளைவிலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியே ஆக வேண்டும், இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. சூடான பெட்டியிலும் இரண்டாவது 'கறுக்' என்றால் ரிங் தேய்ந்தது உறுதி, எந்த ஆயிலும் அதைத் திருப்பித் தராது, பெட்டியை இறக்கத்தான் வேண்டும். நாலாவது கியரில் மட்டும் அமைதி, மற்றவற்றில் ஊளை என்றால் கவுண்டர் ஷாஃப்ட் (பெட்டிக்குள் மற்ற கியர்களுக்குச் சக்தியைக் கடத்தும் துணைத் தண்டு) பேரிங். நாலாவது நேரடி ஓட்டம் என்பதால் அதில் அந்த ஷாஃப்ட் மேல் சுமை விழாது. வளைவுகளில் சத்தமில்லாமல் விழுந்து, காலையில் முதல் இரண்டு நிமிடம் மட்டும் லேசாக இறுகினால் கவலைப்பட வேண்டாம், அந்த இரண்டு நிமிடம் கியரை அவசரப்படுத்தாமல் போடுங்கள்.