மின்வெட்டுக்குப் பிறகு எழ மறுக்கும் கணினி: இரண்டாவது ஹார்டு டிஸ்க்கில் உள்ள படங்கள் என்ன ஆயின?

கேள்வி: கோத்தகிரியில் சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். கணினியில் லினக்ஸ் மின்ட் இருக்கிறது. கல்யாணப் படங்களைச் சேமிப்பதற்காக 2 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி, இரண்டாவதாகப் பொருத்தினேன். நண்பர் ஒருவர் வந்து, ‘எஃப்எஸ்டேப்’ என்ற கோப்பில் ‘எஸ்டிபி1’ என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். சென்ற வாரம் மழையில் மின்சாரம் போய்த் திரும்பி வந்த பிறகு, கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு ‘எமர்ஜென்சி மோடு’ என்ற கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது. கேமராவின் கார்டு ரீடர் அப்போது செருகியபடியே இருந்தது, இப்போதும் இருக்கிறது. கடைக்காரர் டிஸ்க் போய்விட்டது என்றும், லினக்ஸை எடுத்துவிட்டு விண்டோஸ் போட வேண்டும் என்றும், படங்களை மீட்கத் தனிக் கட்டணம் என்றும் சொல்கிறார். படங்கள் போய்விட்டனவா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் படங்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கின்றன. கணினியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ‘டிஸ்க் போய்விட்டது’ என்று பார்த்த மாத்திரத்தில் சொல்பவர், அதைத் திறந்துகூடப் பார்க்காமல்தான் சொல்கிறார். விண்டோஸ் போடுகிறேன் என்று ஆரம்பிப்பவர் எந்த டிஸ்க்கை அழிக்கிறார் என்பதை நின்று கவனிக்க உங்களுக்கு வாய்ப்பே இருக்காது. தான் அழித்ததைத் தானே மீட்டுக் கொடுத்து அதற்கும் பணம் வாங்கும் தொழில் மலையிலும் நடக்கிறது, சமவெளியிலும் நடக்கிறது.

உங்கள் கடிதத்தில் காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: ‘எஸ்டிபி1’ என்ற வரி, செருகியபடி இருந்த கார்டு ரீடர். எஃப்எஸ்டேப் என்பது, கணினி எழும்போது எந்த டிஸ்க்கை எந்தக் கோப்புறையில் இணைக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல். எஸ்டிபி1 என்றால் இரண்டாவது டிஸ்க்கின் முதல் பகுதி. லினக்ஸ் ஒவ்வொரு முறை எழும்போதும், தன் கண்ணில் படும் வரிசைப்படி டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் வைக்கிறது. இந்த வரிசை நாளைக்கும் இப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. கோத்தகிரி பேருந்து நிலையத்தில் வரிசையில் இரண்டாவதாக நிற்பவரிடம் சாவியைக் கொடுத்துவிடு என்று சொல்லி அனுப்புவது போன்றதுதான் இது. நடுவே ஒருவர் நுழைந்தால் சாவி வேறொருவர் கைக்குப் போய்விடும். உங்கள் விஷயத்தில் நடுவே நுழைந்தது கார்டு ரீடராக இருக்கலாம். உங்கள் டிஸ்க் எஸ்டிசி ஆகியிருக்க, கணினி எஸ்டிபி1-ஐத் தேடி 90 விநாடி காத்திருந்து, கிடைக்காததால் நின்றுவிட்டது.

ஒரு டிஸ்க்கைக் காணவில்லை என்பதற்காக முழுக் கணினியையும் நிறுத்திவைக்கும் இந்த ஏற்பாட்டின் மீது எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. தரவுமையங்களில் இருக்கும் சர்வர்களுக்கு அது சரி. தரவுத்தளம் இருக்க வேண்டிய டிஸ்க் இல்லாமல் சர்வர் ஓடத் தொடங்கினால் விபரீதம் ஆகும். கல்யாண ஆல்பம் தயாரிக்கும் கணினியிலும் அதே கண்டிப்பைக் காட்டுவதும், காரணத்தை ஒரு வரியில் சொல்லாமல் ஏதோ ஒரு கட்டளையைத் தட்டிப் பதிவேட்டைப் படித்துக்கொள் என்பதும் எந்த வகை மரியாதை என்று எனக்குப் புரியவில்லை.

முதலில் கணினியை அணைத்து, கார்டு ரீடரையும் பென் டிரைவ்களையும் கழற்றி வைத்துவிட்டு, கணினியை மட்டும் மீண்டும் இயக்குங்கள். பல சமயம் இதுவே போதும். எழவில்லை என்றால், பெட்டியைத் திறந்து இரண்டாவது டிஸ்க்கின் டேட்டா கேபிளும் பவர் கேபிளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகும் கறுப்புத் திரைதான் என்றால், அந்தத் திரையில் என்டர் தட்டி உள்ளே போகலாம். அங்கே ‘நானோ’ என்ற கட்டளை, ஓர் இடைவெளி, பிறகு சாய்கோடு, இ-டி-சி, சாய்கோடு, எஃப்-எஸ்-டி-ஏ-பி என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டினால் நண்பர் திருத்திய கோப்பு திறக்கும். நிறுவியபோதே மின்ட் எழுதிய வரிகள் ‘யுயுஐடி’ என்று தொடங்குவதையும், நண்பரின் வரியின் தொடக்கத்தில் மட்டும் எஸ்டிபி1 என்ற பெயர் இருப்பதையும் நீங்களே பார்ப்பீர்கள். அந்த ஒரு வரியின் தொடக்கத்தில் மட்டும் ஹேஷ் குறி (#) இட்டு, கன்ட்ரோலுடன் ஓ, என்டர், கன்ட்ரோலுடன் எக்ஸ் என்று சேமித்து வெளியே வந்து கணினியை மறுபடி தொடங்குங்கள். மற்ற வரிகளைத் தொட வேண்டாம். இதனால் எதுவும் அழியாது. கணினி இரண்டாவது டிஸ்க்கைத் தேடுவதை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

கணினி எழுந்ததும் மெனுவில் ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியைத் திறவுங்கள். இடப்பக்கப் பட்டியலில் 2 டிபி டிஸ்க் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அதைச் சொடுக்கி, முக்கோணப் பொத்தானை அழுத்தினால் படங்கள் திறக்கும். முதலில் அவசியமானவற்றை வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃபார்மேட்’ என்ற சொல் எங்கே தென்பட்டாலும் கையை விலக்கிக்கொள்ளுங்கள். அதே செயலியில் பல் சக்கரப் பொத்தானுக்குள் ‘எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்’ இருக்கிறது. தானியங்கி அமைப்பை அணைத்துவிட்டு, டிஸ்க்கை அடையாளம் காணும் இடத்தில் யுயுஐடி என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது ஃபார்மேட் செய்யப்பட்டபோது அந்தப் பகுதிக்கு இடப்பட்ட தனி எண். வரிசை எப்படி மாறினாலும் அது மாறாது. மவுண்ட் பாயின்ட்டாக, அதாவது டிஸ்க் வந்து இணையும் இடமாக, நண்பர் கொடுத்திருந்த அதே கோப்புறையைக் கொடுங்கள். விருப்பங்கள் வரிசையில் ‘நோஃபெயில்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் செயலி வழக்கமாகத் தானே அதைச் சேர்த்துவிடும். அச்சொல் இருந்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி எழும். கட்டளை எழுதிப் பழகிய நண்பர்கள் இந்தச் செயலியைக் கேலி செய்வார்கள்; செய்யட்டும்.

நோஃபெயில் போட்ட பிறகு ஒரு பொறி இருக்கிறது. டிஸ்க் இணையாத நாளிலும் அந்தக் கோப்புறை வெறுமையாக அங்கேயே இருக்கும். அதற்கு எழுதும் உரிமை இருந்தால், நீங்கள் கவனிக்காமல் படங்களை அதற்குள் நகலெடுப்பீர்கள். அவை முதல் டிஸ்க்கில் போய் உட்கார்ந்து அதை நிரப்பும். மறுநாள் இரண்டாவது டிஸ்க் இணைந்ததும் அந்தப் படங்கள் அதற்கு அடியில் மறைந்துவிடும், தொலைந்துவிட்டன என்று நீங்கள் பதறுவீர்கள். கோப்புறை வழக்கத்துக்கு மாறாக வெறுமையாகத் தெரிந்தால் நகலெடுப்பதை நிறுத்திவிட்டு, டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மேலே சொன்னதெல்லாம் டிஸ்க் லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தால் பொருந்தும். அதே கணினியில் விண்டோஸும் இருந்து, டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் கதை வேறு. இதில் ஏமாறாதவர் குறைவு. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி இருக்கிறது. ‘ஷட் டவுன்’ கொடுத்தால் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத் தூக்கத்துக்குப் போகிறது. அந்த நிலையில் லினக்ஸ் அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், அல்லது இணைக்கவே மறுக்கும். நீங்கள் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். வேடிக்கை என்னவென்றால், ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் விண்டோஸ் முழுமையாக மூடிக்கொள்கிறது. எனவே லினக்ஸுக்கு மாறும்போது ரீஸ்டார்ட் கொடுங்கள், அல்லது ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள், அல்லது விண்டோஸின் பவர் அமைப்பில் அந்த வசதியையே அணைத்துவிடுங்கள். கட்டாயப்படுத்தி இணைக்கும் கட்டளைகளை யாராவது சொல்லிக் கொடுத்தால் பின்பற்ற வேண்டாம். விண்டோஸ் எழுதி முடிக்காமல் வைத்திருந்தவை சிதைந்துபோகக்கூடும்.

2 டிபி வாங்கினேன், 1.8தான் காட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரங்களில் எண்ணுவதைச் சில நிரல்கள் 1,024-களில் எண்ணுகின்றன, அங்கே மட்டும் அவர் நிரபராதி. எக்ஸ்ட்4 தன் பங்குக்கு 5 சதவீதத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கிவைக்கும். மலை உயரத்தால் டிஸ்க் கெடும் என்பதும் வீண் பயம்: பெரும்பாலான டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கத் தகுதியானவை, தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உங்கள் ஊரில் டிஸ்க்கின் எதிரி உயரமல்ல, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் சாய்ந்து போய்த் திரும்பும் மின்சாரம். லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் செலவு செய்கிறவர்கள் ஒரு யுபிஎஸ்ஸுக்கும் செய்ய வேண்டும்.

கடைசியாக, உங்களுக்கு விற்கப்பட்டது புதிய டிஸ்க்தானா என்று பார்த்துவிடுங்கள். டிஸ்க்ஸ் செயலியின் மெனுவில் ‘ஸ்மார்ட் டேட்டா’ என்ற பகுதியில் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ என்று, டிஸ்க் இதுவரை ஓடிய நேரத்தின் கணக்கு இருக்கும்; அதை மணியாகவோ, வருடம், மாதம், நாளாகவோ காட்டலாம். சில மாதம் ஸ்டுடியோவில் ஓடிய டிஸ்க் சில நூறு மணி நேரத்தையோ, மிஞ்சினால் ஆயிரத்துச் சொச்சத்தையோ காட்டலாம். 20,000 மணி நேரத்தைக் காட்டினால் அது இரண்டு வருடத்துக்கு மேல் இரவு பகலாக ஓடியது என்று பொருள். பெரும்பாலும் ஏதோ ஒரு கண்காணிப்புக் கேமரா பெட்டியிலிருந்து கழற்றித் துடைத்து, புது உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இந்த எண்ணையும் சிலர் பூஜ்யமாக்கி விற்கிறார்கள் என்பதால், டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு உத்தரவாதக் காலம் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். அதே பட்டியலில் ‘ரீஅலொகேட்டட் செக்டர் கவுண்ட்’ என்ற எண், அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்களின் எண்ணிக்கை, பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால், கடைக்காரர் சொன்னது தற்செயலாக உண்மையாகிக்கொண்டிருக்கிறது. அன்றே படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, வரிசை எண் எழுதிய பில்லுடன் போய் மாற்று டிஸ்க் கேளுங்கள். விற்றவர் பில் தராமல் விலை குறைத்துக் கொடுத்திருந்தார் என்றால் அவரிடம் கேட்க உங்களுக்குப் பிடி குறைவு.