நான்கு விநாடி வயலின்

கேள்வி: கோவையில் வீட்டிலேயே மின்னணு நடன இசை தயாரிக்கிறேன். 1971இல் வந்த தமிழ்த் திரைப்பாடல் ஒன்றின் இடையிசையிலிருந்து நான்கு விநாடி வயலினை வெட்டி, வேகத்தைச் சற்றுக் கூட்டி, என் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டிருக்கிறேன். பெர்லினில் உள்ள ஒரு சிறு நிறுவனம் 300 யூரோ முன்பணத்துடன் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ‘எல்லா ஒலிகளும் எனக்கே உரியவை, வழக்கு வந்தால் முழுச் செலவும் என்னுடையது’ என்று அதில் ஒரு பிரிவு. ஏழு விநாடிக்குள் எடுத்தால் அனுமதி வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். கையெழுத்திடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. முதல் வாய்ப்பு கைக்கு வந்திருக்கும் நேரத்தில் இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் 300 யூரோவுக்காக, வரம்பே இல்லாத பொறுப்பை ஏற்கச் சொல்கிறார்கள். அதிலும் அந்த வாசகம் உண்மையில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

ஏழு விநாடி என்றொரு விதி நம் சட்டத்தில் எங்குமே இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அந்த வயலினில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று ஒலிப்பதிவின் உரிமை. 1971இல் வெளியானது என்பதால் 2031 முடியும்வரை அது உயிரோடு இருக்கும். மற்றது மெட்டமைப்பின் உரிமை. இசையமைப்பாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். பழைய பாட்டுதானே என்று பலர் சறுக்குவது இந்த இரண்டாவதில்தான்.

வேகத்தை மாற்றியதும் உங்களைக் காப்பாற்றாது. கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மானிய மின்னணு இசைக்குழு 1977இல் பதிவு செய்த தாளத்தில் சுமார் இரண்டு விநாடியை எடுத்ததற்காக ஜெர்மனியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கு நடந்தது. மிகச் சிறிய துண்டானாலும் அனுமதி வேண்டும், காதுக்கு அடையாளமே தெரியாதபடி மாற்றியிருந்தால் மட்டும் வேண்டாம் என்று 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னது. உங்கள் பாட்டு வெளியாகப்போவதும் ஜெர்மனியில்தான். அந்த வயலினைக் கேட்டவுடன் நம் ஊர்க்காரர் யாரும் மூலப்பாட்டைச் சொல்லிவிடுவார் என்றால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

அனுமதி கேட்பதானால் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் மெட்டின் உரிமையாளருக்கும் தனித்தனியே எழுதுங்கள். உரிமை தங்களிடம் இருப்பதற்கான ஆவணத்தையும் கேளுங்கள். ஓர் இந்திப் பாடலின் துண்டுக்காக அமெரிக்காவில் வழக்குப் போட்ட சரிகம நிறுவனம், 1967 ஒப்பந்தம் ஒலிப்பதிவின் பதிப்புரிமையைத் தனக்குத் தரவில்லை என்பதால் 2011இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. பழைய காகிதங்களில் அவ்வளவு இருக்கிறது. தொலைபேசியில் ‘சரி’ என்று சொன்னால் போதாது. உரிமம் எழுத்தில், கையொப்பத்துடன் வர வேண்டும்.

பணம் கட்டுப்படியாகாவிட்டால், ஒரு வயலின் கலைஞரை வைத்துப் புதிதாக வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒலிப்பதிவு உரிமைச் சிக்கல் அதோடு தீரும். அதே மெட்டை வாசித்தால் மெட்டின் அனுமதி அப்போதும் வேண்டும். ஆகவே அந்த நான்கு விநாடிக்கு நீங்களே ஒரு வரி அமையுங்கள் என்பதுதான் என் விருப்பம்.

பெர்லினுக்கு இன்றே உண்மையை எழுதிவிடுங்கள். புதுப் பதிவு தர ஒரு மாத அவகாசமும், உங்கள் பொறுப்பு நீங்கள் பெறும் தொகையைத் தாண்டாது என்ற திருத்தமும் கேளுங்கள். வயலின் கலைஞரிடம், எவ்வளவு ஊதியம், எந்தெந்தப் பயன்பாட்டுக்குச் சம்மதம் என்று ஒரு பக்கம் எழுதி, பதிவு நடக்கும் அன்றே கையொப்பம் வாங்கிவிடுங்கள்.