பியர் ராபின்: நம்ம ஊரில் எத்தனை குழந்தைகளுக்கு? பச்சிளங்குழந்தை மருத்துவரிடம் கேள்வி பதில்

வேளச்சேரி அப்பா: டாக்டர், பிறந்த பாப்பாவுக்குப் பியர் ராபின் என்கிறார்கள். சொந்தக்காரர் யாருமே கேள்விப்பட்டதில்லை. சென்னையிலேயே எங்களுக்கு மட்டும்தானா?

இல்லைங்க. கீழ்த்தாடை சிறுத்து, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைப்பதுதான் இது, பெரும்பாலும் அண்ணப்பிளவும், அதாவது வாயின் மேல்கூரை பிளந்திருப்பதும், சேர்ந்தே இருக்கும். லிவர்பூல் பக்கம் 8,500 பிறப்புக்கு ஒன்று என்றார்கள், டென்மார்க்கில் 14,000க்கு ஒன்று. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு எட்டரை, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கிறார்கள், அதே விகிதத்தைப் போட்டால் 60 முதல் 100 பேர். இது என் வாய்க்கணக்குதான், பதிவேட்டு எண் இல்லை.

பெரம்பூர் நர்சிங் மாணவி: ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு வித்தியாசம் மேடம்?

பாதி வித்தியாசம் எண்ணுகிறவர் கையில் இருக்கும்மா. அண்ணப்பிளவு இருந்தால்தான் சேர்ப்பேன் என்பார் ஒருவர், தாடையும் மூச்சுத்திணறலும் போதும் என்பார் இன்னொருவர். இங்கே லேசான கேஸ் பல வெறும் அண்ணப்பிளவு என்றே ஃபைலில் ஏறிவிடும். இன்னொன்று, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்தெல்லாம் அனுப்புவார்கள், அதனால் அங்கே வார்டில் பார்க்கிற எண்ணிக்கையை வைத்துச் சென்னையில் அதிகம் என்று சொல்ல முடியாது.

தாம்பரம் அம்மா: மாமா பையனைக் கட்டினேன். கிரகணத்தன்று வெளியே போனேன் என்றும் மாமியார் சொல்கிறார். அதனால்தான் குழந்தைக்கு இப்படியா?

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கர்ப்பத்தின் மூன்றாம் மாசத்துக்குள் தாடை வளராமல் நிற்க, நாக்கு மேலேயே தங்கிவிட, அண்ணத்தின் இரண்டு பக்கமும் ஒட்ட வழியில்லாமல் போகிறது. தனியாக வரும் பியர் ராபின் பெரும்பாலும் யார் குடும்பத்திலும் இல்லாமல் திடீரென்று வருவதுதான். ஆனால் கணிசமான குழந்தைகளுக்கு இது வேறொரு மரபணுக் கோளாறின் பகுதி, அதில் அடிக்கடி பார்ப்பது ஸ்டிக்லர் என்ற கோளாறு, அதற்குச் சொந்தத்தில் கட்டியிருக்கவே வேண்டாம், பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். எதற்கும் மரபணு மருத்துவரை ஒருதரம் பாருங்கள்.

அம்பத்தூர் தாத்தா: குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்களே, சரியா?

சரிதான் ஐயா, நாக்கு முன்னால் விழும், குழந்தை மூச்சு விடும். ஆனால் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டு, டாக்டர் சொன்ன குழந்தைக்கு மட்டும். மற்றக் குழந்தைகள் மல்லாந்துதான் தூங்க வேண்டும்.

வேளச்சேரி அப்பா (மறுபடியும்): இப்போது நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

தூக்கத்தில் மூச்சு எப்படி, எடை ஏறுகிறதா, இந்த இரண்டும் முதலில். குப்புறப் படுத்தும் திணறினால் மூச்சு விட மூக்கு வழிக் குழாய், அதற்கும் அடங்காத சிலருக்குத்தான் தாடையை நீட்டும் ஆபரேஷன். அப்புறம் கண் டாக்டர்: ஸ்டிக்லர் என்றால் கிட்டப்பார்வை அதிகமாகி விழித்திரை கழன்றுகொள்ளலாம்.