பாட்டுக்காரிக்கு வராத ஒப்பாரி

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, வணக்கம்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். 1991-இல் எங்கள் மாவட்டத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது கலைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் பாடினேன். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகிய காலம் அது. மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பாடுவார்கள். நான் தெம்மாங்கு மெட்டில் சொந்தமாகவே கட்டிப் பாடுவேன். கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் பெண்களைப் பற்றி நான் கட்டிய பாட்டை, குவாரிப் பெண்களே என்னோடு சேர்ந்து பாடியிருக்கிறார்கள்.

கல்யாணத்தோடு எல்லாம் போயிற்று. முதல் வருஷமே ஒரு கலை இரவுக்குக் கூப்பிட்டார்கள். "குடும்பத்துப் பொம்பளை மேடை ஏறுறதா?" என்றார் மாமியார். என் கணவர் வாயைத் திறக்கவில்லை. அதை மட்டும் என்னால் மறக்கவே முடியவில்லை.

பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது மறுபடி பாடுகிறேன். ஆனால் என்னை யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது. என் குவாரிப் பாட்டை டிவியில் ஒரு சின்னப் பெண் பாடினாள். திரையில் 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டார்கள். கட்டியவள் நான் உயிரோடு இருக்கிறேன்! பழைய குழுக்காரர்கள் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. கோயில் திருவிழாவில் பாடக் கூப்பிட்டு, ஆடல் பாடல் குழு வந்ததும் பாதியில் மைக்கை வாங்கிவிட்டார்கள். கலை இரவு நடத்தும் ஒரு தம்பி, "புதுசா என்னக்கா வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊரையே பாட வைத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

கணவர் இப்போது என் பழைய கேசட்டைக் கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வந்தார். நிகழ்ச்சிக்கு வண்டியில் கூட்டிப் போகிறார். போகட்டும், அன்றைக்குத் திறக்காத வாய் இன்றைக்குத் திறந்து என்ன? மாமியார் பக்கவாதம் வந்து வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது பீ மூத்திரம் அள்ளியது நான்தான். நாத்தனார்கள் ஆரஞ்சுப்பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவர் இறந்தன்றுகூட, "நீதானே பாட்டுக்காரி, எடுத்துக் கொடு" என்று ஒப்பாரிக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு வரி வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். அதற்கப்புறம் நோட்டை எடுத்து உட்கார்ந்தாலும் எழுத வருவதில்லை. அது கிடக்கட்டும்.

என் பாட்டை என்னுடையது என்று எப்படி நிரூபிப்பது? குடும்பமும் குழுவும் சேர்ந்து அழித்த வருஷங்களை எப்படி மறப்பது? மதிக்காதவர்கள் முன்னால் மறுபடி பாடத்தான் வேண்டுமா?

— புதுக்கோட்டை மாவட்ட வாசகி

அன்புச் சகோதரிக்கு,

பாட்டு உரிமையை முதலில் முடித்துவிடுவோம். மெட்டு ஊருக்குப் பொது, வார்த்தைகள் உங்களுடையவை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவருக்கு வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எழுதிய நோட்டு, கேசட், அன்று கூடப் பாடியவர்களின் சாட்சி இவற்றோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். பெயர் போடச் சொல்லி நோட்டீஸ் அனுப்புங்கள். உங்கள் கோபம் நியாயமானது.

சரி, இனி நீங்கள் "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்ட இடத்துக்கு வருகிறேன். டிவியையும் மைக்கையும் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், ஒப்பாரி வராததையும் எழுத்து நின்றதையும் நாத்தனார்களின் ஆரஞ்சுப்பழத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். உங்களை அரிப்பது அதுதான் என்று நினைக்கிறேன். பாட்டு உங்களை விட்டே போய்விட்டதோ என்று பயப்படுகிறீர்கள். அதனால்தான் பழைய பாட்டு ஒன்றைப் பறிகொடுத்தது உயிரையே பறித்ததுபோல வலிக்கிறது.

ஒப்பாரி என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெட்டு பழையது, வரி அந்த நேரத்தில் அழுகிறவள் கட்டுவது. நீங்கள் தெம்மாங்கில் செய்ததும் அதே வேலைதான். செத்தவரைப் புகழ்வதோடு அது நிற்பதில்லை. புகுந்த வீட்டில் பட்டதையும், அண்ணன் தம்பி கைவிட்டதையும் ஊர் கேட்கப் பெண்கள் சொல்லி அழுத இடம் அது. அன்று உங்களிடம் எதிர்பார்த்தது "மகராசி போயிட்டாளே" என்று ஒரு பாட்டு. உங்களை மேடை ஏற விடாதவர் அவர். கடைசிக் காலத்தில் உங்கள் கைச்சோற்றை மட்டும் நம்பிக் கிடந்தவரும் அவரே. அவர் மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக இருந்திருக்கும். போனதும் 'அப்பாடா' என்றும் இருந்திருக்கும். வருஷக்கணக்கில் நோயாளியைப் பார்த்தவர்கள் பலருக்கு அந்த நிம்மதி வரும், கூடவே குற்ற உணர்ச்சியும் வரும். அதில் பாவம் எதுவும் இல்லை. பொய்யாக ஒரு வரி கட்ட உங்களால் முடியவில்லை, உண்மையைக் கட்டத் துணிவு வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது.

இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாடகி ஷர்லி காலின்ஸுக்கும் இப்படி ஆனது. 1970-களின் இறுதியில் கணவர் பிரிந்து போனார். மேடையில் நின்றால் குரல் எழவில்லை. பாடுவதையே விட்டார். 38 ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-இல், தன் 81-ஆவது வயதில் 'லோட்ஸ்டார்' என்ற இசைத்தொகுப்பைத் தன் வீட்டிலேயே பதிவு செய்து வெளியிட்டார். இளமைக் குரல் திரும்பவில்லை. தணிந்த, முதிர்ந்த குரலில் பாடினார், அதையே மக்கள் விரும்பிக் கேட்டார்கள். நீங்களோ பதினெட்டு வயதுப் பெண்ணாகத் திரும்பி வரப் பார்க்கிறீர்கள். அவள் கண்டது குவாரி. அதற்கப்புறம் ஒரு நோயாளியின் கட்டிலருகே நீங்கள் கண்டதை அவளால் எழுத முடியாது. அந்த வருஷங்களை மறக்க வழி கேட்கிறீர்கள். மறந்துவிட்டு எதை எழுதுவீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். அந்தக் கலை இரவுத் தம்பி உங்களை அவமதிக்கவில்லை. இத்தனை பேரில் உங்களைப் பாட்டுக் கட்டுகிறவளாக நினைத்துக் கேட்டவன் அவன் ஒருவன்தான். பதில் இல்லாததால் அது உங்களைச் சுட்டிருக்கிறது. உங்கள் கணவர் அன்று பேசாமல் இருந்தது தப்பு, பெரிய தப்பு. ஆனால் கேசட்டைத் தேடி எடுத்தவரும் அவரே. அன்று ஏன் பேசவில்லை என்று ஒருமுறையாவது அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் கேளுங்கள்.

உங்கள் மாமியாருக்கு அந்த ஒப்பாரியை இப்போது கட்டுங்கள். திட்ட வேண்டியதைத் திட்டி, அழ வேண்டியதற்கு அழுது. யாருக்கும் காட்ட வேண்டாம். தூக்கமில்லாமலோ, எதிலும் பிடிப்பில்லாமலோ வாரக்கணக்கில் நாள் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான 'டெலி மானஸ்' எண் 14416, கட்டணம் கிடையாது.

அந்தத் தம்பியிடம் "ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறு" என்று சொல்லுங்கள். மறுபடி பாடத்தான் வேண்டுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் இப்போது பதில் சொல்லப்போவதில்லை. ஒப்பாரியை முடித்துவிட்டு எழுதுங்கள், அப்போது பேசுவோம்.