டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்? வாசகர் கேள்வி பதில்

டிஎன்ஏ டெஸ்ட், ஆஃபர் பேக்கேஜ், ஹெல்த் ஐடின்னு இந்தத் தடவை நிறைய பேர் ஒரே மாதிரி விஷயத்தைத்தான் கேட்டிருக்கீங்க, அதனால அதையெல்லாம் சேர்த்து ஒரே இதழ்ல பதில் சொல்லிடறேன்.

அம்மாவுக்கு 62 வயசு. ஆன்லைன்ல 90 டெஸ்ட் சேர்த்து ஆஃபர் போட்டிருக்காங்க, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாங்களாம். அம்மா வேண்டவே வேண்டாம்ங்கிறாங்க. நீங்க சொன்னா கேட்பாங்க. (வாசகர், தஞ்சாவூர்)

அம்மா பக்கம்தான் நியாயம் இருக்கு தம்பி. ரிப்போர்ட்ல பக்கத்துல நார்மல் ரேஞ்ச்னு போட்டிருப்பாங்கல்ல, அதைப் பெரும்பாலும் எப்படி முடிவு பண்றாங்கன்னா நல்லா இருக்கிற 100 பேரை எடுத்தா நடுவுல வர்ற 95 பேரோட அளவுதான் நார்மல்னு வச்சுக்குவாங்க, அப்போ எந்த நோயும் இல்லாத மீதி 5 பேருக்கும் ரிப்போர்ட்ல சிவப்பு எழுத்து வரத்தான் செய்யும். இது ஒரு டெஸ்டுக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா, ஆரோக்கியமான ஆளுக்கே ஒண்ணாவது சிவப்பா வர்ற வாய்ப்பு 64 சதவீதம். 90 எடுத்தா கிட்டத்தட்ட நிச்சயம் வரும். அந்த ஒண்ணுக்காக ஒரு ஸ்கேன், அப்புறம் ஒரு ஸ்பெஷலிஸ்ட், நடுவுல வீட்ல யாருக்கும் தூக்கம் இருக்காது.

அம்மாவுக்கு பிபி, சுகர், கிட்னிக்காக கிரியேட்டினின், கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின் பார்த்தா ஆரம்பத்துக்குப் போதும். மார்பகப் பரிசோதனையும் கர்ப்பப்பை வாய் பரிசோதனையும் இந்த வயசுல ரொம்ப முக்கியம், ஆனா ரத்தம் எடுத்து அந்த ரெண்டையும் பார்க்க முடியாது, அதனால அந்த 90லயும் அது இருக்காது. பக்கத்து ஜிஹெச்ல கேளுங்க. 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கிறாங்க, அதையும் விட்டுடாதீங்க.

எனக்கு 34 வயசு. அம்மாவுக்கு 46 வயசுல மார்பகப் புற்றுநோய் வந்து குணமாயிட்டாங்க. சித்திக்கு சினைப்பைல வந்திருக்கு. எச்சில் துப்பி அனுப்பினா டிஎன்ஏ பார்த்து சொல்ற கிட் வெளிநாட்டுல இருக்கிற தம்பி வாங்கி அனுப்புறேங்கிறான். வாங்கிக்கட்டுமா? (பெயர் வேண்டாம், கோவை)

டெஸ்ட் உங்களுக்கு அவசியம் வேணும்மா, ஆனா அந்த கிட் வேண்டாம். ஏன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், இதுல நிறைய பேர் ஏமாந்து நிம்மதியாயிடறாங்க, அதுதான் எனக்குப் பயம்.

உங்க குடும்பத்துல பார்க்க வேண்டியது முக்கியமா பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2ங்கிற ரெண்டு மரபணு. அதுல நோய்க்குக் காரணமாகிற மாற்றங்களே ஆயிரத்துக்கு மேல இருக்கு. அமெரிக்காவுல இந்த மாதிரி எச்சில் கிட் விக்கிற 23அண்ட்மீ கம்பெனி நேரடியா மக்களுக்கே இந்த ரிப்போர்ட்டை விக்கலாம்னு 2018ல அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தப்போ அதுல பார்த்தது வெறும் 3 மாற்றம், அதுவும் அஷ்கெனாசிங்கிற ஐரோப்பிய வம்சாவளி யூதர்கள்கிட்ட அதிகமா இருக்கிற 3. பிறகு அந்த லிஸ்டைக் கொஞ்சம் கூட்டினாங்க, இருந்தாலும் கோயம்புத்தூர்ல பிறந்த உங்களுக்கு அதுல இல்லைன்னு வந்தா அதை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

சரியான வழி என்னன்னா முதல்ல அம்மாவுக்கு டெஸ்ட், உங்களுக்கு இல்ல. நோய் வந்தவங்ககிட்ட மாற்றம் இருக்கான்னு ரெண்டு மரபணுவையும் முழுசா படிச்சுப் பார்த்து, இருந்தா அந்த ஒரே இடத்தை உங்களுக்குப் பார்த்தா போதும், உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. இருக்குன்னு வந்தாலும் நோய் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, வருஷா வருஷம் எம்ஆர்ஐ எடுக்கிறதுல இருந்து சினைப்பையை முன்கூட்டியே எடுத்துடறது வரைக்கும் செய்ய வேண்டியது தெளிவா இருக்கு. சில சமயம் 'அர்த்தம் உறுதியில்லாத மாற்றம்'னு ரிப்போர்ட் வரும், அதை வச்சு ஆபரேஷன் வரைக்கும் போயிடாதீங்க. ஒப்பிட்டுப் பார்க்கிற டேட்டா பெரும்பாலும் ஐரோப்பியர்களோடது, அதனால நமக்கு அந்த மாதிரி ரிப்போர்ட் கூடுதலா வருது. ஜீனோம் இந்தியா திட்டத்துல 10,000 இந்தியர்களோட மரபணு வரிசையை எடுத்து 2025 ஜனவரில ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து விட்டது இதனாலதான் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்துச்சு.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சிஎம்சி மாதிரி இடங்கள்ல மரபணு ஆலோசனை கொடுக்கிறாங்க. அம்மா, சித்தி ரெண்டு பேர் பயாப்சி ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு போங்க.

இன்னொண்ணு. அந்த 23அண்ட்மீ கம்பெனில 2023ல சுமார் 69 லட்சம் பேரோட விவரம் திருட்டுப் போச்சு. 2025 மார்ச்ல கம்பெனியே திவால் மனு போட்டுச்சு, சுமார் ஒன்றரை கோடி பேரோட மரபணு டேட்டா கைமாறப் போற சொத்தா நின்னுச்சு, கடைசில அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரோட லாபநோக்கமில்லாத அமைப்பே 30.5 கோடி டாலருக்கு வாங்கிக்கிச்சு. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், டிஎன்ஏவை மாத்த முடியாது, அதுல உங்க தம்பி, உங்க பிள்ளைங்க விவரமும் சேர்ந்தே இருக்கு.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சு மூணு மாசம் ஆகுது. ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த க்ளோபிடோக்ரெல் இந்தியர்களுக்கு வேலை செய்யாதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நிறுத்திடலாமா? (வாசகர், மதுரை)

நிறுத்தவே கூடாது. ஒரு நாள் கூட. ஸ்டென்ட்ல ரத்தம் உறைஞ்சா அது உயிருக்கே ஆபத்து.

வந்த மெசேஜ்ல உண்மை கொஞ்சம் இருக்கு. இந்த மாத்திரை அப்படியே வேலை செய்யாது, கல்லீரல்ல சிஒய்பி2சி19ங்கிற என்சைம் அதை மாத்திக் கொடுத்தாதான் வேலை. சிலருக்குப் பிறவிலயே அந்த என்சைம் மந்தம், அவங்களுக்குப் பலன் குறையும்னு எஃப்டிஏ 2010லயே பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டுடுச்சு. ஐரோப்பியர்களைவிட நம்ம ஆளுங்ககிட்ட இந்த மாற்றம் கூடுதல்தான். ஆனா 'இந்தியர்களுக்கு வேலை செய்யாது'ங்கிறது பொய், நிறைய பேருக்கு நல்லாவே வேலை செய்யுது. டெஸ்ட் இருக்கு, மந்தம்னு வந்தா ப்ராசுக்ரெல், டிக்காக்ரெலார்னு மாற்று இருக்கு, அதுல ரத்தக்கசிவு ஆபத்து கொஞ்சம் அதிகம், அதனால இதய டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

அப்பா கேஸ் மாத்திரை என்ன போடறார்னு இன்னைக்கே பாருங்க. ஒமிப்ரசோல், எசொமிப்ரசோல் ரெண்டும் அதே என்சைமைத் தடுக்கும், மருந்துக்கடையில கேட்டு வாங்கிப் போடற பழக்கம் இருந்தா டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கோங்க. எந்த டெஸ்டும் இல்லாமயே பண்ணக்கூடிய விஷயம் இது.

ஜிஹெச்ல ஓபி சீட்டுக்கு ஆபா நம்பர் கேட்கிறாங்க. கொடுத்தா என் நோய் விவரமெல்லாம் கவர்மென்ட்டுக்குப் போயிடுமா? (வாசகி, ஈரோடு)

ஆபாங்கிறது 14 இலக்க நம்பர், தேசிய அளவுல 2021 செப்டம்பர்ல தொடங்கின ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்ல வர்றது. கட்டாயம் இல்ல, அது இல்லைங்கிறதுக்காக வைத்தியத்தை மறுக்கக் கூடாது. உங்க ரெக்கார்டு எல்லாம் ஒரே இடத்துல போய் குவியறதில்ல, எந்த ஆஸ்பத்திரில உருவாச்சோ அங்கதான் இருக்கும், நீங்க சம்மதிச்சாதான் இன்னொரு டாக்டர் பார்க்கலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கலாம், நம்பரையே அழிக்கவும் முடியும். க்யூஆர் ஸ்கேன் பண்ணி டோக்கன் எடுத்தா வரிசையில நிக்கிற நேரமும் மிச்சம்.

உங்க பயம் வீண்னு சொல்லமாட்டேன், 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வரையே ஹேக் பண்ணி பல நாள் கையால எழுதி ஓபி நடத்தினாங்க. தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2023லயே வந்தாலும் விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முழுசா அமலுக்கு வர இன்னும் காலம் எடுக்கும். ஆனா ஆபாவுக்கு யோசிக்கிற நாம லேப் ஆப், மருந்து ஆப் கேட்கிற எல்லாத்துக்கும் படிக்காமயே ஓகே அமுக்கிடறோம். அதுல 'பார்ட்னர்களோட பகிர்வோம்'னு இருக்கான்னு பாருங்க, கான்டாக்ட், லொகேஷன் பர்மிஷனை எடுத்துவிடுங்க.

எட்டு வயசுப் பையனுக்கு வலிப்பு வந்துச்சு. கார்பமசெபின் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஜீன் டெஸ்ட் எடுக்கணும்ங்கிறாங்க. காரைக்குடில இருக்கிற மாமியார் காசு பிடுங்கறாங்கன்னு சொல்றாங்க. (வாசகி, சிங்கப்பூர்)

காசு பிடுங்கறதில்லம்மா. எச்எல்ஏ-பி 15:02ங்கிற மரபணு வகை இருக்கிறவங்களுக்கு இந்த மருந்துல தோல் வெந்து உரியற மாதிரி ஒவ்வாமை வர ஆபத்து ரொம்ப அதிகம், உயிரும் போகலாம். சீனர், மலாய் மக்கள்கிட்ட இது கூடுதல், இந்தியர்கள்கிட்ட குறைவு, ஆனா இல்லாம இல்ல. அதனால சிங்கப்பூர்ல 2013ல இருந்தே புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல்ல இந்த டெஸ்ட். இருக்குன்னு வந்தா வேற மருந்து கொடுப்பாங்க. ரிசல்ட் வர்றதுக்குள்ள திரும்ப வலிப்பு வந்தா என்ன செய்யணும்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. டெஸ்ட்ல இல்லைன்னே வந்தாலும் முதல் சில மாசம் காய்ச்சலோட தடிப்பு, வாய்ல புண், கண் சிவப்பு வந்தா மறுநாள் பார்க்கலாம்னு இருக்காம உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.