தாத்தாவின் பெட்டியில் கிடைத்த சிங்கப்பூர்ப் படங்கள்: காலத்தை எப்படிக் கணிப்பது, எப்படிக் காப்பது?

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: ‘சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கணக்கராக இருந்த என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 37 பழைய படங்கள் கிடைத்தன. சில அஞ்சலட்டைகள், சில கறுப்புத் தாள் ஆல்பத்தில் ஒட்டியவை, ஒன்று மட்டும் தடித்த அட்டையில் ஒட்டிய பெரிய பழுப்புப் படம். கப்பல், ஆறு, கோயில், தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் வீடுகள் உள்ள ஒரு தீவு என்று பலவும் தெரிகின்றன. இவை எந்த ஆண்டில் எடுக்கப்பட்டவை என்று எப்படி அறிவது? லேமினேஷன் செய்துவிடலாம் என்கிறார் என் தம்பி. ஒரு வியாபாரி மொத்தமாக விலைக்குக் கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?’ அவற்றில் ஆறு படங்களைக் கைப்பேசியில் எடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

முதலில் தம்பியைத் தடுத்துவிடுங்கள். லேமினேஷனில் சூடும் பசையும் சேர்ந்து படத்தின் மேற்பரப்பைப் பிளாஸ்டிக்கோடு ஒன்றாக்கிவிடும். பிறகு எந்த வல்லுநராலும் அதைப் பிரிக்க இயலாது. வியாபாரிக்கு இப்போதைக்கு விடை சொல்ல வேண்டாம். ஆல்பத்தில் ஒட்டியிருப்பவற்றைப் பிரிக்கவும் வேண்டாம். ஒரு படத்துக்கு முன்னும் பின்னும் எது இருந்தது, எந்தப் படத்துக்குக் கீழே யார் கையெழுத்தில் என்ன எழுதியிருந்தது என்பதெல்லாம் படத்தைப் போலவே சான்றுகள்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தின் ஆல்பத்தை ஸ்கேன் செய்வதற்காக நானே வரிசையைக் குறித்துக்கொள்ளாமல் பிரித்தேன். ‘மறுநாள் காலை’ என்று அழகிய கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. அது எந்த நாளின் மறுநாள், எந்தக் கப்பலுக்குரியது என்பதை அதன்பின் என்னால் மீட்கவே முடியவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. ஆகவே பக்கம் பக்கமாக, விளிம்புகள் உட்பட, முழு ஆல்பத்தையும் உள்ளபடியே படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்த பிறகே வேறு எதையும் தொடங்குங்கள்.

காலத்தைக் கணிக்கும்போது பெரும்பாலோர் தவறுவது ஓரிடத்தில்தான். கையில் இருக்கும் தாளின் வயதும் அதில் தெரியும் காட்சியின் வயதும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் 1867-இல் தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம் போன்ற பெரிய ஸ்டுடியோக்கள் கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களை ஆண்டுக்கணக்கில் பாதுகாத்து வைத்திருந்தன. 1880-களில் எடுத்த காட்சி, அஞ்சலட்டை மோகம் பரவிய 1900-களில் புத்தம்புது அட்டையாக அச்சாகி விற்கப்படுவது வழக்கமாக இருந்தது. அதனால் தாளுக்கு ஒரு காலம், காட்சிக்கு ஒரு காலம் என்று இரண்டு பத்திகளாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் பல சமயம் பொருந்தும். பொருந்தாதபோதுதான் சுவாரசியமான செய்தி கிடைக்கும்.

தாளிலிருந்து தொடங்குவோம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று போதும். வானம் போன்ற வெளிர்ப் பகுதியை அதன் வழியே பாருங்கள். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் மையால் அச்சிட்டது. புள்ளியே இல்லாமல் நிறம் சீராகக் கரைந்து சென்றால் அது வேதிமுறையில் உருவான அசல் புகைப்படமாக இருக்கக்கூடும். அத்தகைய படத்தைச் சாய்த்துப் பிடிக்கும்போது இருண்ட பகுதிகளில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தென்பட்டால், அது வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து பூசிய தாள் என்று பெரும்பாலும் உறுதி செய்யலாம். அந்தத் தாளே 1900-க்குப் பிறகு எங்கும் பரவியது. உங்களுடைய பெரிய பழுப்புப் படம் வேறு வகையாகத் தெரிகிறது. மிக மெல்லிய தாள், தடித்த அட்டையில் ஒட்டியிருக்கிறது. வெளிர்ப் பகுதிகள் மஞ்சளாகியிருக்கின்றன. மேற்பரப்பில் தலைமுடியைவிட நுண்ணிய வெடிப்புகள் ஓடுகின்றன. முட்டை வெண்கரு பூசிய தாளின் அடையாளங்கள் இவை. 1890-களோடு அதன் பயன்பாடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. உங்கள் சேகரிப்பிலேயே இதுதான் மூத்தது என்று எண்ணுகிறேன். தாத்தா அங்கே போன பிறகு விலைக்கு வாங்கியதாகவோ அன்பளிப்பாகப் பெற்றதாகவோ இருக்கலாம்.

அஞ்சலட்டைகளைப் பின்புறத்திலிருந்து பாருங்கள். ஆரம்ப கால அட்டைகளில் முகவரியைத் தவிர வேறெதையும் பின்புறம் எழுதக் கூடாது. செய்தியைப் படத்தின் ஓரத்திலேயே நெருக்கி எழுதினார்கள். நடுவில் கோடிட்டு, ஒரு பாதி செய்திக்கும் மறுபாதி முகவரிக்கும் என்று பிரிக்கும் முறையை பிரிட்டன் 1902-இல் அனுமதித்தது. 1906-இல் ரோமில் கூடிய உலக அஞ்சல் மாநாட்டின் முடிவால் 1907 முதல் அது உலகெங்கும் செல்லுபடியாயிற்று. எனவே கோடில்லாத அட்டை பெரும்பாலும் 1907-க்கு முன் அச்சானது. அஞ்சல்தலையில் உள்ள தலை யாருடையது என்பதும் உதவும்: ஏழாம் எட்வர்ட் 1901 முதல் 1910 மே வரை, அடுத்து ஐந்தாம் ஜார்ஜ் 1936 ஜனவரி வரை ஆண்டனர். அஞ்சல் முத்திரையில் தேதி தெளிவாக இருந்தால், அந்த நாளுக்குப் பின் எடுத்த படமல்ல என்பதற்கு மட்டும் அது சான்று. எடுத்த நாளை அது சொல்லாது. வண்ணத்தையும் நம்ப வேண்டாம். அக்கால அட்டைகள் பலவும் ஜெர்மனியில் அச்சானவை; சிங்கப்பூரைக் கண்ணால் காணாத கைகளே கூரைக்குச் சிவப்பும் கடலுக்குப் பச்சையும் தீட்டின.

இனி காட்சி. சிங்கப்பூரைப் பொறுத்தவரை நமக்கு நல்வாய்ப்பு உண்டு; ஆற்று முகத்துவாரத்தைச் சுற்றியுள்ள கட்டடங்கள் எழுந்த ஆண்டுகள் துல்லியமாகத் தெரியும். கவெனா பாலம் 1869-இல் வந்தது. கடலுக்கு அருகிலுள்ள ஆண்டர்சன் பாலம் 1910-இல் திறக்கப்பட்டது. விக்டோரியா நினைவு மண்டபம் 1905-இல் திறக்கப்பட்டது. மணிக்கூண்டும் அதையொட்டியே எழுந்தது. ராஃபிள்ஸ் சிலை 1887 முதல் பாடாங் திடலில் நின்றது. 1919-இல்தான் மண்டபத்துக்கு முன்னால் கொண்டுவரப்பட்டது. மின்சார டிராம் 1905 முதல் 1927 வரை ஓடியது. கிளிஃபர்ட் படகுத்துறை 1933-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மக்கள் ஏறி இறங்கியது ஜான்ஸ்டன் படகுத்துறையில். நீங்கள் அனுப்பிய அட்டைகளில் ஒன்றில் தொங்கான்கள் எனும் சரக்குப் படகுகள் நெருக்கி நிற்கும் ஆறும், இரண்டு பாலங்களும் தெரிகின்றன. ஆனால், இன்று அவ்விடத்தை ஆளும் ஃபுல்லர்ட்டன் கட்டடத்தைக் காணோம். அதன் பணி 1924-இல் தொடங்கி 1928-இல் திறப்பு விழா நடந்தது. அட்டையில் ஐந்தாம் ஜார்ஜ் தலை இருக்கிறது. ஆகவே காட்சி 1910-க்கும் 1924-க்கும் இடைப்பட்டது என்று துணிந்து எழுதலாம்.

கோயில் படத்தைப் பார்த்ததும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் அது. இன்று நாம் காணும், சுதை உருவங்கள் மொய்த்த ஆறு நிலைக் கோபுரம் 1925-இல் எழுந்தது. உங்கள் படத்தில் நிற்பதோ ஒடுங்கிப் படிப்படியாக உயரும், சிற்பங்கள் குறைந்த மூன்று நிலைக் கோபுரம். அது 1903-இல் கட்டப்பட்டது. இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே 22 ஆண்டு இடைவெளிக்குள் படத்தை நிறுத்திவிடலாம். வாசலில் நிற்பவர்களின் தலைப்பாகைக் கட்டையும் மாட்டு வண்டியின் கூண்டையும் பெரிதாக்கிப் பார்த்துக் குறித்து வையுங்கள். நம்மவரைப் பற்றி அக்கால அரசு ஆவணங்கள் சொல்லாததை இவை சொல்லும்.

தீவுகளை அடையாளம் காண்பது இதைவிடக் கடினம். மரக்கால்களில் நிற்கும் வீடுகளைக் கண்டாலே ‘மலாய் கிராமம்’ என்று அச்சிட்டு விற்றார்கள். அதே தலைப்பில் காலாங் ஆற்று முகமும் இருக்கும், தெற்கே உள்ள பிராணி (Pulau Brani) என்ற தீவும் இருக்கும். உங்கள் படத்தில் வீடுகளுக்குப் பின்னால் புகை கக்கும் உயரமான புகைபோக்கியைக் கவனித்தீர்களா? பிராணித் தீவில் 1890 முதல் வெள்ளீய உருக்காலை நடந்துவந்தது. பின்னணியில் இருபுறமும் குன்றுகள் எழுவதும் காலாங்கின் தாழ்ந்த சமநிலத்துக்குப் பொருந்தாது. பிராணித் தீவு என்பதே என் முடிபு. அதற்கு அடுத்துள்ள பெரிய தீவு பிளாக்கங் மாத்தி; அதுவே 1970-களில் செந்தோசா என்று பெயர் மாறியது. கோட்டைகளும் படை முகாம்களும் அங்கே இருந்தன. இவ்விரு தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பு 1900 வரை ‘நியூ ஹார்பர்’, அதன்பின் ‘கெப்பல் ஹார்பர்’. தலைப்பில் எந்தப் பெயர் என்று பாருங்கள். பழைய பெயர் அதற்குப் பின்னும் சில காலம் வழக்கில் இருந்ததால், இதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

நீண்ட கொட்டகைகளும், கரையில் வரிசையாக அமர்ந்திருக்கும் பயணிகளும் உள்ள தீவுப் படம் ஏதேனும் இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். தெற்கே உள்ள செயிண்ட் ஜான்ஸ் தீவில் 1874 முதல் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய மேல்தளப் பயணிகள் பலர் ஊருக்குள் விடப்படுமுன் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். உங்கள் தாத்தாவின் முதல் சிங்கப்பூர் இரவே அங்கே கழிந்திருக்கலாம். கப்பல் படத்தில் கறுப்புப் புகைக்கூண்டில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் தெரிந்தால் அது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். முகப்பில் ‘ரஜுலா’ என்ற பெயர் இருந்தால் 1926-க்கு முந்தையதாக இருக்க வழியில்லை, அக்கப்பல் கட்டப்பட்டதே அந்த ஆண்டில்தான். பெயர் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது குன்றும் ஆறும்கூட இடம் மாறியிருக்கும்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடலோர ஊரின் ஈரக் காற்றுதான் உங்கள் முதல் எதிரி. பரண் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம்; வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து உயர்த்திய இரும்பு பீரோவே ஏற்றது. ஒவ்வொரு படத்தையும் அமிலம் நீக்கிய தாள் உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ வையுங்கள். வாசனை வீசும் மலிவான பிளாஸ்டிக் உறைகளைத் தவிருங்கள். செலோடேப், ரப்பர் பாண்டு, பாச்சா உருண்டை எதுவும் படத்தின் அருகில் வரக் கூடாது. ஓலைச்சுவடிக்கும் பட்டுப்புடவைக்கும் வைப்பதுபோல வேப்பிலையையோ வசம்பையோ படங்களுக்கிடையில் வைப்பதும் கறையை உண்டாக்கும். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். மென்மையான தூரிகை போதும். குறிப்பு எழுத வேண்டுமென்றால் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது படம் கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் வண்ண முறையையே தேர்ந்தெடுங்கள். மங்கலும் பழுப்பும் அதில்தான் பதிவாகும். தட்டையான ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தி, உள்ளங்கையளவுப் படங்களுக்கு 1200, டிஃப் (TIFF) வகைக் கோப்பு, இரு பக்கங்களும். தாளைத் தானே இழுக்கும் இயந்திரத்தில் இவற்றை ஒருபோதும் கொடுக்காதீர்கள். திருத்தம் செய்வதெல்லாம் நகலில்தான். அசல் கோப்பைத் தொடாமல் இரண்டு இடங்களில் வையுங்கள்.

விற்பது உங்கள் உரிமை. ஆனால் மொத்தமாக வாங்குபவர் அட்டைகளைத் தனித்தனியே பிரித்து விற்பார்; 37 படங்களும் ஒருவருடைய வாழ்க்கையாக ஒன்றுசேர்ந்து இருக்கும் மதிப்பு அத்தோடு போய்விடும். ஸ்கேன் செய்த பிரதிகளைச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு முதலில் காட்டி, அவர்களுக்கு விருப்பமா என்று கேளுங்கள். அசலை அனுப்ப முடிவெடுத்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: வரலாற்று மதிப்புள்ள, நூறாண்டு கடந்த பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடியவை, அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கட்டுப்பாடு உண்டு, எனவே இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுத் தெளிந்த பிறகே தபாலில் சேருங்கள். அதற்கிடையில், உங்கள் குடும்பத்தில் தாத்தாவை நேரில் அறிந்த மூத்தவர் எவரேனும் இருந்தால் இந்த வாரமே அவர் எதிரில் ஆல்பத்தை விரித்து, அவர் சொல்வதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டடங்களின் ஆண்டை நான் சொல்லிவிட முடியும், மூன்றாவது படத்தில் படகின் ஓரத்தில் குடையோடு நிற்பவர் யார் என்பதை அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும்.