கொரோனா காலத்தில் பக்கவாத நோயாளிகளின் சிகிச்சை எப்படிப் பாதிக்கப்பட்டது?

நுரையீரல் நோய்க்கும் பக்கவாதச் சிகிச்சைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிப்பு மருத்துவமனை வாசலுக்கு வெளியிலேயே நடந்தது. 2020-இல் பல நாடுகளில் பக்கவாதத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை குறைந்தது. நோய் குறைந்துவிடவில்லை, பயம் கூடியிருந்தது.

அந்த ஆண்டு மே மாதம், ஏற்காட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி, தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

மூளையின் ரத்தக்குழாயை அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. அந்த நிமிடங்களைத்தான் கவச உடை அணிவதும், ஸ்கேன் அறையைக் கிருமிநீக்கம் செய்வதும் தின்றன. போதாக்குறைக்கு, கொரோனா தொற்றே ரத்தம் உறையும் போக்கைக் கூட்டியது.

முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ தயவுசெய்து உடனே 108-ஐ அழையுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அதிகம் பேசப்படாத இழப்பு பிசியோதெரபி. முதல் மூன்று மாதங்களில்தான் கை கால் வேகமாகத் தேறும். பஸ் ஓடாத அந்த நாட்களில் பாட்டிக்கு அது கிடைக்கவில்லை. இன்றும் டம்ளரை இடது கையில்தான் வாங்குகிறார்.